வாசி பிடித்த காசு

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்த கதையைச் சேக்கிழார் சொல்லும் இடத்தில் ஒரு கணக்கு விவகாரம் இருக்கிறது. அப்பரும் சம்பந்தரும் அந்த ஊரில் தங்கியிருக்கிறார்கள். மழை பொய்த்து, அடியார்களுக்குச் சோறு போட வழியில்லாமல் போகிறது. இறைவன் கனவில் வந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காசு தருகிறேன் என்கிறார். கிழக்குப் பீடத்தில் சம்பந்தருக்கு, மேற்குப் பீடத்தில் அப்பருக்கு. அப்பர் மடத்தில் நேரத்துக்கு இலை விழுந்துவிடுகிறது. சம்பந்தர் மடத்தில் மட்டும் தினமும் தாமதம். விசாரித்தால், கடைக்காரர்கள் சம்பந்தரின் காசை வாசி கழித்துக்கொண்டுதான் வாங்குகிறார்கள், அதை மாற்றிச் சாமான் கொண்டுவர நேரமாகிறது என்று சமையல்காரர்கள் சொல்கிறார்கள். அப்பரின் காசுக்கு அந்தக் கழிவு கிடையாது. காரணத்தைச் சம்பந்தரே கண்டுகொள்கிறார்: அப்பர் கைத்தொண்டு செய்கிறவர்.

பாட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் இல்லை. வித்தியாசம் உழவாரத்தில் இருந்தது. புல் செதுக்கிய கிழவருக்கு முழுக்காசு. பல்லக்கில் வந்த சிறுவருக்குக் கழிவுக்காசு. பிறகு சம்பந்தர் ஒரு பதிகம் பாடித் தமக்கும் நல்ல காசு வாங்கிக்கொண்டார் என்பது வேறு.

எனக்கு 57 வயது. கோவையில் லேத்து ஓட்டிப் பிழைத்தவன். ஐடிஐ முடித்து டர்னராகச் சேர்ந்தேன். நாலு ஜா சக்கில் டயல் வைத்து சென்டர் பிடித்து, ஹெச்எஸ்எஸ் டூலுக்குக் கிரைண்டரில் முனை கட்டிப் பழகி, நாற்பதை நெருங்கும்போது சிஎன்சிக்கு மாறினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உழவாரப்பணிக் குழுவோடு பேரூர், அவினாசி, திருமுருகன்பூண்டி என்று போவது வழக்கம். பிரகாரத்தில் புல் செதுக்குவோம், விளக்குத் துலக்குவோம், மடைப்பள்ளிப் பாத்திரம் தேய்ப்போம். வீழிமிழலைக் கதை குழுவில் அடிக்கடி அடிபடும். அதில் கூலிப் பிரச்சினை ஒன்று இருக்கிறது என்பது வேலை போன பிறகுதான் எனக்கு உறைத்தது.

நான் இருந்த கம்பெனியில் ரோபோ லோடிங் போட்ட புது லைன் வந்தது. பழைய மெஷின்களை விற்றார்கள், கூடவே எங்களையும் கணக்கு முடித்து அனுப்பினார்கள். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் எங்களோடு வெளியே வந்தவர்களில் நாற்பதுக்குக் கீழே இருந்தவர்கள் ஒரு மாதத்துக்குள் வேறு பட்டறையில் நின்றுவிட்டார்கள். எங்கள் வயதுக்காரர்கள் டீக்கடையில் நின்றோம்.

கணபதி, ஆவாரம்பாளையம், சிட்கோ பக்கம் போனால் கேட்டில் பலகை தொங்கும்: சிஎன்சி செட்டர் தேவை, அனுபவம் 5 வருடம், வயது 35க்குள், தங்குமிடம் உண்டு. பலகையைப் பார்த்தும் உள்ளே போய்க் கேட்டிருக்கிறேன். ஒரு இடத்தில் ஹெச்ஆர் பொண்ணு, என் மகள் வயது, மிக மரியாதையாகப் பேசியது. "சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் நல்லா இருக்குங்க. ஆனா இங்க டீமே சின்னப் பசங்கதாங்க. உங்களுக்கு செட் ஆகுங்களா?" என்னால் ஆகாது என்று அது சொல்லவில்லை. ஆகுமா என்று பார்க்கவும் இல்லை. இன்னொரு பட்டறையில் முதலாளி நேராகவே சொன்னார்: "செட்டருக்குப் பையனைப் போட்டாச்சுங்ணா. நீங்க வேணா இன்ஸ்பெக்‌ஷன்ல உக்காந்துக்கங்க. நடுவுல செட்டிங் வந்தா பாத்துக் குடுங்க. சம்பளம் பாதிதானுங்." அதாவது வேலை அதேதான். காசில் மட்டும் வாசி.

இந்த மாதிரி நேரத்தில் புத்தி சொல்ல ஆள் நிறையக் கிடைப்பார்கள். முதல் வகை, டை அடித்துக்கொள்ளச் சொல்பவர்கள். மீசையையும் சேர்த்து. சிதம்பரத்தில் இளமையாக்கினார் கோயில் என்றே ஒன்று இருக்கிறது. திருநீலகண்டக் குயவரும் மனைவியும் வயோதிகத்தில் குளத்தில் முழுகி இளைஞராக எழுந்த இடம். அவர்கள் இளமையைக் கேட்டு முழுகவில்லை, ஒரு சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு முழுகினார்கள். நான் இன்டர்வியூவுக்காக மீசையைக் கறுப்பாக்க வேண்டும் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் உண்டு, வேலை கிடைத்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

இரண்டாம் வகையினர் ஆன்மிகம் பேசுவார்கள். "அம்பது தாண்டியாச்சு, இன்னும் என்னத்துக்குங் இந்த ஓட்டம்? பற்றை விடுங்க" என்பார்கள். நாலு ஆசிரமம், வானப்பிரஸ்தம், காடு என்று ஒரு வரிசை வைத்திருப்பார்கள். காட்டுக்குப் போகிறவன் வீட்டுக் கடன் தவணையை யார் கட்டுவது என்று கேட்டால் சிரித்துக்கொள்வார்கள். 58 வயதில் கைக்கு வரும் பிஎஃப் பென்ஷன் எவ்வளவு என்று அவர்கள் கணக்குப் போட்டதில்லை. 2014 செப்டம்பரிலிருந்து பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள வரம்பு மாதம் 15,000 ரூபாய். அதைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுக்க வேண்டும். எங்களைப் போன்ற பட்டறைக்காரர்களுக்கு அது எட்டாயிரத்தைத் தொடுவதே அபூர்வம். குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். பற்றை விடச் சொல்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அரசாங்க பென்ஷன் இருக்கும். தமிழ்நாட்டு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020இல் 58லிருந்து 59 ஆயிற்று, மறுவருடமே 60 ஆயிற்று. 58ஐத் தாண்டினாலும் மனிதன் வேலை செய்வான் என்பது அரசாங்கத்துக்கே தெரிந்த விஷயம்.

சட்டத்தில் ஏதாவது இருக்குமா என்று யூனியன்காரர் ஒருவரிடம் கேட்டேன். அரசியல் சாசனத்தின் 16ஆவது பிரிவு அரசு வேலையில் மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம், வசிக்கும் இடம் ஆகியவற்றை வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை. தனியார் பட்டறை அந்தப் பிரிவுக்குள்ளேயே வராது. அமெரிக்காவில் நாற்பது தாண்டியவர்களைக் காக்க 1967லேயே சட்டம் போட்டுவிட்டார்களாம். சரி, விடுவோம்.

மூன்றாவது வகைதான் ஆபத்தானது. பலன் கருதாமல் கடமை செய்யச் சொல்லிக் கீதையின் பேரில் ஒரு வாசகத்தைச் சட்டம் போட்டு ஆபீஸ் ரூமில் மாட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, "உங்களுக்கு என்னங்ணா, பசங்களுக்குச் சொல்லிக் குடுங்க, அதுவும் ஒரு தொண்டுதானே" என்பார்கள். அப்பரையும் இழுப்பார்கள். அவர் கூலி கேட்டாரா என்பார்கள்.

அவர் கேட்கவில்லை. ஆனால் கொடுத்தவர் கழிவு இல்லாமல் கொடுத்தார். வீழிமிழலைக் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இடத்தை வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். பலனை எதிர்பார்க்காமல் இருப்பது வேலை செய்கிறவன் தன் மனதோடு வைத்துக்கொள்ள வேண்டிய ஒழுக்கம். அதை வேலை வாங்குகிறவன் எடுத்துச் சொல்லக் கூடாது. அவன் பார்க்க வேண்டிய ஒழுக்கம் மேற்குப் பீடத்தில் இருக்கிறது. கைவேலைக்கு முழுக்காசு கொடுத்ததால் இறைவனின் பெருமை குறைந்ததாகச் சேக்கிழார் எங்கும் எழுதவில்லை.

கோயில் தொண்டையும் லேத்து வேலையையும் ஒன்றாக்குகிறாயே என்று எங்கள் சித்தாந்த வகுப்பில் ஒரு பெரியவர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நான் கலிய நாயனாரைச் சொன்னேன். திருவொற்றியூரில் விளக்கெரித்த எண்ணெய் வணிகர் அவர். செல்வம் கரைந்த பிறகு பிறரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலி பெற்றார். அதுவும் நின்றபோது செக்காட்டும் கூலியாளாகப் போனார். எள் ஆட்டுவதில் பதம் தெரிந்தவர். அப்புறம் அந்தக் கூலி வேலையும் கிடைக்கவில்லை. ஏன்? அந்த வேலைக்கு ஆட்கள் பெருகிவிட்டார்கள். எண்ணூற்றுச் சொச்சம் வருடங்களுக்கு முன் ஒரு மந்திரி எழுதிய பக்திக் காவியத்துக்குள் வேலையில்லாத் திண்டாட்டத்தின் காரணம் இப்படி வந்து நிற்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? கலியருக்குச் செக்குக் கூலியும் விளக்கும் ஒரே வேலையின் இரண்டு முனைகள். கூலி நின்றதும் தொண்டும் நின்றுவிடும் நிலை வந்து, கடைசியில் தன் ரத்தத்தை எண்ணெயாக ஊற்றத் துணிந்து கழுத்தில் அரிவாளை வைத்துவிட்டார். இறைவன் கையைப் பிடித்தார் என்று கதை முடிகிறது. பட்டறைத் தொழிலாளி படிக்கும்போது முடிவைவிட நடுவில் அந்த ஆட்பெருக்கம்தான் கண்ணில் படுகிறது.

வகுப்பில் இன்னொரு குழப்பமும் எனக்கு உண்டு. சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நாலு படி சொல்லித் தருகிறார்கள். உடம்பால் செய்வது சரியை, அது முதல் படி. அதற்கு எடுத்துக்காட்டு அப்பர். முதல் படி என்றால் ஏறிக் கடந்துவிட வேண்டியதுதானே? அப்பர் ஏன் 81 வயதுவரை, திருப்புகலூரில் அடங்கும்வரை, உழவாரத்தைக் கீழே வைக்கவில்லை? அங்கே செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடக்க, அவற்றையும் பருக்கைக் கல்லோடு சேர்த்து உழவாரத்தால் அள்ளிக் குளத்தில் எறிந்தார் என்கிறது புராணம். ஞானம் வராமலா அதைச் செய்தார்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். தனு, கரணம், புவனம், போகம் என்று நாலையும் உயிர் பக்குவப்படுவதற்காக இறைவன் கொடுத்தான் என்பது சித்தாந்தம். உடம்பு கொடுக்கப்பட்ட கருவி. கொடுத்தவன் திரும்பக் கேட்கும்வரை அதை வேலையில் வைத்திருக்க வேண்டும். உயிருக்கு வயது கிடையாது. கருவிக்குத் தேய்மானம் உண்டு. தேய்மானத்தை மறைக்கவும் வேண்டாம், தேய்வதற்கு முன்பே கழித்துக் கட்டவும் வேண்டாம்.

என் தேய்மானத்தை நானே சொல்லிவிடுகிறேன். மைக்ரோமீட்டரின் கோட்டைக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாது, டிஜிட்டல் வாங்கிக்கொண்டேன். இரவு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்தால் மூன்றாம் நாள் கால் வீங்குகிறது. கேம் சாஃப்ட்வேரில் பையன்கள் கண்மூடித் திறப்பதற்குள் எடுக்கும் புரோகிராமை நான் ஜி71, ஜி76 என்று வரி வரியாக அடித்துக்கொண்டிருப்பேன்.

இந்த வேகக் கணக்கும் புராணத்தில் இருக்கிறது. வேதாரண்யத்தில் வேதங்கள் பூட்டிப்போன கதவைத் திறக்க அப்பர் பாடினார். பாட்டுக்குப் பின் பாட்டாகப் பதிகமே பாட வேண்டியிருந்தது. உள்ளே போய் வணங்கி வந்த பிறகு, கதவை மூடச் சம்பந்தர் பாடினார். முதல் பாட்டிலேயே மூடிக்கொண்டது. அன்றிரவு அப்பருக்கு மனம் ஆறவில்லை. எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு நேரம் என்று கலங்கிப் படுத்திருந்தார். அத்தனை பெரிய ஞானிக்கு அந்தச் சின்னப் பையனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. சேக்கிழார் அதை மறைக்கவில்லை, அதற்காக அவரைக் குறைத்துப் பேசவும் இல்லை. வேலை மறுக்கப்பட்ட மனிதன் வருத்தப்பட்டால் பக்குவம் போதாது என்று சொல்கிறவர்களுக்கு இந்த இடத்தைக் காட்டுவேன். நிதானமாகப் பார்த்தால் இன்னொன்றும் இருக்கிறது. திறப்பதும் மூடுவதும் ஒரே அளவு வேலையா? வருடக்கணக்காக அடைந்து கிடந்த கதவைத் திறந்தவர் அப்பர்.

இப்போது நான் ஒரு சின்ன ஜாப்வொர்க் பட்டறையில் இருக்கிறேன். என் இன்சார்ஜ் ஒரு காலத்தில் என்னிடம் ட்ரெய்னியாக இருந்த பையன். முப்பது முடிந்திருக்கும். முதல் வாரம் அவனும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்தோம். பிறகு நீளமான பம்ப் ஷாஃப்ட் ஒன்று வந்தது. மெலிசான ஜாப், ஃபினிஷிங்கில் அதிர்ந்து கோடு கோடாக விழுந்தது. அவன் ஆர்பிஎம்மைக் குறைத்தான், ஃபீடை மாற்றினான். நான், "இன்சர்ட்ட மாத்திப் பாரு தம்பி, 0.8 நோஸ் ரேடியஸ் எதுக்கு, 0.4 போடு" என்றேன். முனை சின்னதானால் ஜாபைத் தள்ளும் விசை குறையும். அதிர்வு அடங்கியது. மறுநாள் அவனாகவே என்னைக் கூப்பிட்டு, அளவு மட்டும் மாறும் ஒரே மாதிரி ஜாப்களுக்கு மேக்ரோ எழுதுவதைச் சொல்லித் தந்தான். "அண்ணா, இதுல நம்பர மட்டும் மாத்துனாப் போதுங்ணா." எனக்கு மிச்சமான நேரத்தை நினைத்தால் இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

திருப்பூந்துருத்தியில் நடந்ததைப் பாதியாகவே சொல்வார்கள். மதுரையிலிருந்து திரும்பிய சம்பந்தரைக் காணப் போன அப்பர், கூட்டத்துக்குள் புகுந்து அவர் பல்லக்கைச் சுமந்தார். அப்பர் எங்கே என்று மேலிருந்து கேட்டபோது கீழேயிருந்து பதில் வந்தது. மூத்தவரின் பணிவுக்கு இதைவிட மேலான உதாரணம் கிடையாது என்பார்கள். இருக்கலாம். மீதிப் பாதி என்னவென்றால், அந்தக் குரல் கேட்ட கணத்தில் சம்பந்தர் பதறிக் கீழே குதித்தார். இளையவனுக்குக் கீழே வேலை செய்ய முதியவன் பழக வேண்டும் என்று எங்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். பழகுகிறோம். மேலே இருப்பவனுக்குக் கீழே குதிக்கத் தெரிய வேண்டும் என்று யார் வகுப்பெடுக்கிறார்கள்?

வகுப்பிலிருந்த பெரியவர் கடைசியாக ஒரு பிரம்மாஸ்திரம் வைத்திருந்தார்: கயிலாய யாத்திரை. முதுமையில் அப்பர் தனியாக வடக்கே நடந்தார். பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார். கையும் தேய, மார்பால் ஊர்ந்து, உருண்டு போனார். முனிவர் வடிவில் வந்த இறைவன், இது முடியாத காரியம், திரும்பிப் போ என்றார். கடைசியில் அங்கிருந்த தடாகத்தில் முழுகித் திருவையாற்றில் எழுந்தார். அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. "பாருங்க, சாமியே போதும் திரும்புன்னு சொல்லுது. நீங்க விட மாட்டேங்கறீங்க" என்றார் பெரியவர்.

அன்று பதில் சொல்ல வரவில்லை. பிறகு யோசித்தேன். முனிவர் அப்பரிடம் உனக்கு வயதாகிவிட்டது என்று சொல்லவில்லை. அந்த மலை மானுடருக்கு எட்டாதது என்றார். இருபது வயதுக்காரன் போயிருந்தாலும் அதே பதில்தான். எல்லோருக்கும் பொதுவான எல்லையை ஒருவன் ஏற்றுக்கொள்ளலாம், அதில் அவமானம் இல்லை. 35க்குள் என்று எழுதுவது அந்த வகை எல்லை கிடையாது. எங்கள் தொழிலில் துளை சரியா என்று பார்க்க கோ, நோ-கோ என்று ஒரு கேஜ் உண்டு. ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறு முனை போகக் கூடாது. எந்த மெஷினில் ஓட்டினாய், அந்த மெஷின் எந்த வருடத்து மாடல் என்று கேஜ் கேட்காது. மனிதனிடம் மட்டும் கேஜைத் தொடாமலே வருடத்தைக் கேட்டு ரிஜெக்ட் போடுகிறோம்.

கண் போனவனை நுண் அளவு வேலையில் வைக்கச் சொல்லவில்லை. எங்கள் வயதில் புதிதாக ஒன்றும் கற்றுக்கொள்ள மாட்டேன் என்று அடம்பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். சிஎன்சி வந்த புதிதில், "கைக்கு வர்ற வேலை பொட்டிக்கு வராது" என்று பட்டனைத் தொடாமலே ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக நான் வாதாட மாட்டேன். அப்பரின் உழவாரம் தினமும் தீட்டப்பட்ட உழவாரம். துருப்பிடித்ததைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் தலம் தலமாகப் போகவில்லை.

கோவையில் ஆள் எடுக்கிற முதலாளிமாருக்கு, அதிலும் ஞாயிற்றுக்கிழமை எங்களோடு பிரகாரத்தில் புல் செதுக்க வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வயதைக் கேட்பதற்கு முன் ஒரு ஈஎன் 8 துண்டையும் டிராயிங்கையும் கொடுங்கள். 25 மி.மீ. விட்டம், ஹெச்6 டாலரன்ஸ், மொத்தமே 13 மைக்ரான். மைக்ரோமீட்டர் உங்களுடையதாகவே இருக்கட்டும். தேறாவிட்டால் அனுப்பிவிடுங்கள்; வருத்தப்படுவேன், சண்டைக்கு வர மாட்டேன். தேறினால், அதே துண்டைத் தேற்றிய இளைஞனுக்கு என்ன சம்பளமோ அதைக் கொடுங்கள்.